அசன நாளில் தூக்காத கைப்பிடி

நான் கரெண்ட் ஆபீஸில் லைன்மேன். எங்கள் சபையில் எனக்கு அந்தப் பதவியெல்லாம் கிடையாது. அங்கே நான் கரெண்ட்டுக்காரன், அவ்வளவுதான். பிரசங்கத்தின் நடுவில் மைக் கரகரத்தால் குருவானவர் வானத்தைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வரிசையில் இருக்கும் என்னைத்தான் பார்ப்பார். மின்சாரம் போய்விட்டால் நான் செய்த பாவம்தான் காரணம் என்பதுபோல நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பும். அதனால் பல ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முழுவதும் கண்ணை மூடியே இருப்பேன். அதைப் பக்தி என்று என் மனைவி ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பக்தி எனக்கு வேலையில்தான் வந்தது. அதுவும் பயத்தில் வந்தது. சாலையோரக் கம்பங்கள் சிலவற்றில் ஏ.பி. சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். உச்சியில் மூன்று கம்பிகளையும் பிரிக்கவும் சேர்க்கவும் செய்கிற கருவி அது. அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்கிவந்து நெஞ்சு உயரத்தில் கைப்பிடியாக முடியும். கைப்பிடியைக் கீழே இழுத்தால் அதற்கு அப்பால் உள்ள லைன் செத்துவிடும். மேலே தூக்கினால் பதினோராயிரம் வோல்ட் ஓடும். தூக்க ஒரு நொடி போதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதன்முதலாக என்னைத் தூக்கச் சொன்னபோது இரண்டு முறை கைப்பிடியை விட்டுப் பின்வாங்கினேன். வேறு வழி தெரியாமல், 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொல்லி, ஆமென் என்றதும் தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது.

அந்த முதல் ஜெபத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன். தென்காசி டவுனில் பெரிய முஸ்லிம் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். இவன் ஒருவன்தான் ஊரிலேயே இருந்து கம்பம் ஏறுகிறான். "அவனுவ பறந்து போனானுவ, நான் ஏறிப் போறேன், ஒசரம் ஒண்ணுதாம்லே" என்பான். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அவன் வேலையை நான் பார்ப்பேன். ஞாயிறு காலை என் வேலையை அவன் பார்ப்பான். இதற்கு ஆபீஸில் எந்த உத்தரவும் கிடையாது. நான் ஆமென் போட்டால்தான் ஊருக்கு வெளிச்சம் என்று தென்காசி முழுக்கப் பரப்பியவனும் அவன்தான்.

பதினேழு வருடத்தில் பயம் தேய்ந்தது. கூடவே ஜெபமும் தேய்ந்தது. முதலில் சத்தம் போயிற்று. பிறகு நடுவில் இரண்டு வரி போயிற்று. அப்புறம் ஆரம்பமும் முடிவும் மட்டும் இருந்தன. கடைசியில் ஆமென் மட்டும் மிஞ்சியது. ஆமென், தூக்கு. கடவுளுக்கு நான் எதைச் சொல்லவருகிறேன் என்று தெரியாதா என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வேலையில் ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. அதற்கு லைன் கிளியர் என்று பெயர். ஒருவன் கம்பியில் கை வைக்க வேண்டுமென்றால், சுவிட்சை இழுத்துவிட்டுக் கைப்பிடியில் பூட்டுப் போட வேண்டும். சாவி, மேலே ஏறுகிறவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அவன் இறங்கி, அவனே நேரில் வந்து, வேலை முடிந்தது என்று அவன் வாயால் சொல்லிச் சாவியைத் தர வேண்டும். அதன்பிறகுதான் தூக்கலாம். யாரோ சொன்னார்கள் என்பதெல்லாம் செல்லாது. ஆபீசரே வந்து சொன்னாலும் செல்லாது.

இதை நான் மீறியது கோயிலுக்காக.

வருடத்துக்கு ஒருமுறை கோயில் பிரதிஷ்டை நாளையொட்டி எங்கள் சபையில் அசனம் நடக்கும். ஆராதனை முடிந்ததும் ஊரே பந்தியில் உட்காரும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. யார், எந்தத் தெரு, எந்தச் சாமி என்று கேட்கக் கூடாது. உட்கார்ந்தவருக்கு இலை போட வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் கைநனைக்க வேண்டும் என்பதற்காக ஆடு அறுக்க என் நண்பனின் மச்சானைத்தான் அழைப்போம். அவர் பிஸ்மி சொல்லி அறுப்பார். நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லிச் சமைப்போம். இதில் கருத்துக் கேட்கப்படாதது ஆடு மட்டும்தான்.

அந்த வருடம் அசனம் குற்றால அருவி சீசன் நேரத்தில் வந்தது. தண்ணீர், வெளிச்சம், மைக் மூன்றும் என் பொறுப்பு. முறையாக லீவு எடுத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து மேலகரத்தில் இருக்கும் எங்கள் கோயிலுக்குப் பைக்கில் புறப்பட்டபோது மாப்பிள்ளை மாதிரி இருப்பதாக எனக்கே தோன்றியது. பைக்கின் பக்கவாட்டில் எப்போதும் எர்த் ராடு கட்டியிருப்பேன். லைனைத் தரையோடு இணைத்துவைக்கிற கம்பி அது. தப்பித்தவறி யாராவது சுவிட்சைத் தூக்கிவிட்டாலும் கரெண்ட் தரைக்குப் போய்விடும், மேலே இருப்பவன் பிழைப்பான். முந்தின நாள் அதை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டேன். அந்த இடத்தில் அசனத்துக்கு வாங்கிய இரண்டு பெரிய அகப்பைகளையும் நான்கு வாளிகளையும் கட்டியிருந்தேன்.

பத்து மணிக்குச் சாரலோடு காற்று அடித்தது. பாட்டு நடுவில் கரெண்ட் போய் மைக் செத்தது. தலைகள் திரும்பின. ஆனால் மைக் பெரிய விஷயமில்லை. பின்னால் அரிசி பாதிதான் வெந்திருந்தது. மீதி அரிசியைக் களையவே தண்ணீர் இல்லை. தொட்டி காலி. போர் மோட்டார் ஓடினால்தான் சமையல் நடக்கும். ஆராதனை முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஆயிரம் பேராவது வந்துவிடுவார்கள்.

டியூட்டியில் இருந்தவன் என் நண்பன்தான். குற்றாலம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் மட்டை விழுந்து, கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் உடைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட ஆள் இல்லை, சுவிட்சை இழுக்க மட்டும் ஒரு கை வேண்டும் என்று போனில் சொன்னான். லீவில் இருப்பவன் போகக் கூடாது. போனேன்.

சுவிட்ச் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். தோப்பு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். கைப்பிடியை இழுத்துப் பூட்டினேன். அவன் சாவிக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. சீசன் கூட்டத்தில் ரோடு அடைத்துக் கிடக்கிறது, வேலை முடிந்து நீ திரும்பி வந்து சேர அரைமணி நேரம் ஆகும், அதுவரை ஜனங்கள் பட்டினியாக நிற்க வேண்டுமா, சாவி என்னிடமே இருக்கட்டும், முடிந்ததும் ஒரு போன் போடு, தூக்கிவிடுகிறேன் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு அன்று அப்படி வந்தது.

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"வேற யாரு கேட்டாலும் சாவிய விடமாட்டேன். உங்க கோயில் சோத்துக்காக விடுதேன்" என்றான். "எர்த் ராடு எங்கலே?"

இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே ராடு என்னுடையதுதான். நான் பைக்கைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"அகப்பைய மாட்டிக்கிட்டு ஏறவா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு சுவிட்சின் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. கோயிலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வந்தது. சமையல்காரர் திட்டினார். குருவானவர் திட்டவில்லை, ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் நண்பனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு வாத்தியார் போனில் கூப்பிட்டார். சபைக் கமிட்டியில் மூத்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வாயில் பொய் வந்து யாரும் கேட்டதில்லை. ஒருமுறை தன் சொந்த மகனின் கல்யாணப் பேச்சில், பையன் கொஞ்சம் சோம்பேறிதான் என்று பெண் வீட்டாரிடம் சொன்னவர். தோப்புப் பக்கத்து டீக்கடைக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டதாகச் சொன்னார்.

"ஒங்க ஆளு எறங்கிட்டாரு. டீ குடிச்சிட்டுப் போயிட்டாராம். வேல முடிஞ்சிட்டு. நீ தூக்கு."

நான் சாவியை எடுத்தேன். ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. வேறு எந்த மனிதர் சொல்லியிருந்தாலும், நீங்கள் யார் எனக்கு லைன் கிளியர் தர என்று கேட்டிருப்பேன். இவர் சபை மூப்பர். ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறவர். அவர் சொன்னதைச் சந்தேகப்படுவது ஒரு பாவம்போல எனக்குப் பட்டது. பூட்டைத் திறந்து பையில் போட்டேன். இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்தேன்.

ஆமென் நாக்கு நுனியில் நின்றது. அப்போது ஒரு வெட்கம் வந்தது. இது கோயிலுக்குப் போகிற கரெண்ட். அசனத்துக்கான தண்ணீர். இதற்குமா வெறும் ஆமென்? கண்ணை மூடி நீளமாக ஜெபிக்க ஆரம்பித்தேன். குருவானவருக்காக, சமையல்காரர்களுக்காக, மழை கொஞ்சம் பொறுத்துப் பெய்ய, குழம்பு தீராமல் இருக்க. நடுவில் எனக்கு ஒரு பதவி உயர்வும் கேட்டுக்கொண்டேன். கடைசியில், உமது ஜனங்களின் பசிக்காகக் கம்பத்தில் ஏறிய என் நண்பனை என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

அவன் எங்கே?

அவன் குரலை நான் கேட்கவே இல்லை. டீ குடித்தான் என்றுதான் கேட்டேன். அவன் வேலையின் நடுவில் இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி ஏறுகிறவன். பதினேழு வருடமாக அந்த டீக்குப் பாதி நாள் நான் துணை போயிருக்கிறேன். கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் பறந்தேன் என்று எழுத ஆசைதான். சீசன் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ரோட்டில் ஈகூடப் பறக்காது. வெளியூர்க் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்த ஆட்கள் அரைக்கால் டவுசரோடு ரோட்டின் நடுவில் நடந்தார்கள். வாளிகள் ஒரு காரின் கதவில் மோத, கார்க்காரர் இறங்கி வந்து ஏதோ சொன்னார். அப்போது போன் அடித்தது. வாத்தியார்.

"நீ எங்க இருக்க? நான் சுவிட்சுக்கிட்டதான் நிக்கேன். பூட்டுகூட இல்லையே. நானே தூக்கிடட்டுமா?"

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். பூட்டும் சாவியும் என்னிடமே இருந்தன.

அவர் வருடாவருடம் நான் தூக்குவதைப் பார்த்திருக்கிறார். பின்னால் ஊர் பசியோடு நிற்கிறது. தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அறுபத்தைந்து வயது வரை வாழ்ந்தவர். கத்தினேன். சபையில் யாரும் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

"தொடாதீங்க சார். ஆளு மேல நிக்கான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டுவிட்டாரா, போன் இணைப்பு அறுந்துவிட்டதா என்று தெரியவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. திரும்பிப் போவதா, தோப்புக்குப் போவதா? ரோட்டின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எனக்கு மேலே அந்த மூன்று கம்பிகளும் தோப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. உயிர் இருக்கிற கம்பியும் இல்லாத கம்பியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பைக்கை அங்கேயே, கார்க்காரர் திட்டத் திட்டச் சாய்த்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். அந்தச் சில நிமிடங்களில் ஜெபம் எதுவும் வரவில்லை. வாத்தியார் கை, வாத்தியார் கை என்று மட்டும்தான் வந்தது.

அவன் மேலே இருந்தான். பெல்ட்டில் முதுகைச் சாய்த்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துப் புது இன்சுலேட்டரில் கட்டிக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தான். அவனுடைய போன் கீழே பைக் கவருக்குள் மழைக்குப் பயந்து பதுங்கியிருந்தது.

"இன்னும் கால்மணி நேரம் ஆகும்லே. நீ எதுக்கு இங்கன வந்த? அங்கன யாரு நிக்கா?" என்று மேலிருந்தே கேட்டான்.

வாத்தியார் நிற்பதாகச் சொன்னேன்.

"சார் நின்னா சரிதான்" என்று திரும்பிக்கொண்டான்.

நான் வாய்க்கால் கரைக்குப் போய் மறுபடி வாத்தியாருக்குப் போட்டேன்; யாரையும் தொட விடமாட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவன் இறங்கியதும் அவன் வண்டியிலேயே திரும்பினோம். பாதி வழியில் என் பைக்கை எடுத்துக்கொண்டேன். வாளி ஒன்று காணாமல் போயிருந்தது. சுவிட்சின் அடியில் வாத்தியார் முழுவதும் நனைந்து நின்றார். குடையை மடக்கிக் கைப்பிடிக்குக் குறுக்கே வைத்திருந்தார், யாரும் கிட்ட வராதபடி. கமிட்டி ஆட்கள் மூன்று பேர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை நகர்த்தவில்லை. என் நண்பனைக் கண்டதும் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கோயிலைப் பார்த்து நடந்துவிட்டார்.

நண்பன் அவன் வாயால், வேலை முடிந்தது என்று சொன்னான். நான் தூக்கினேன்.

"ஆமென் எங்கலே?" என்றான்.

நான் மீதி வாளிகளை அவிழ்த்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

அசனம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக நடந்தது. ஒரு சுவிட்சைத் தூக்க இவ்வளவு நேரமா என்று கேட்காதவர் யாருமில்லை. ஆனால் சோறு வந்ததும் ஊர் மறந்துவிட்டது. குருவானவர் மைக்கில், லீவு நாளிலும் ஓடியாடி உழைத்த நம் சகோதரன் என்று என்னைச் சொன்னார். ஸ்தோத்திரம் என்று நூறு குரல் எழுந்தது. குழம்பு வாளியோடு நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் பந்தியில் என் நண்பன் மனைவி மக்களோடு வந்து உட்கார்ந்தான். சோறு வாளி வாத்தியார் கையில். அவருக்குப் பின்னால் குழம்பு என் கையில். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாத்தியாருக்குத் தன் தப்பு மட்டும்தான் தெரியும், என் கை எங்கே இருந்தது என்று தெரியாது. பூட்டைத் திறந்ததுகூட அவசரத்தில் செய்தது என்றுதான் நினைத்திருப்பார். அவன் இலையில் குழம்பு ஊற்றக் குனிந்தேன். ஊற்ற முடியவில்லை. இந்தக் குழம்பை இவனுக்கு ஊற்றிவிட்டு நாளைக்கு இவனோடு எப்படிக் கம்பத்தடிக்குப் போவது என்று இருந்தது. அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை வச்சிட்டியா?"

"ரெண்டு கையும்."

பக்கத்தில் அவன் சின்ன மகள் அப்பளம் கேட்டாள். அவன் தன்னுடையதை எடுத்து அவள் இலையில் வைத்தான். முன்னால் நின்ற வாத்தியார் பாதி கேட்டிருக்க வேண்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தம்பி, சொன்னது நான்தான் என்று ஆரம்பித்தார். அவன் நிமிரவில்லை.

"நீங்க சோறு வைங்க சார், புள்ளைவ பசியா இருக்குவ" என்றான். என்னிடம், "ஊத்து" என்றான்.

ஊற்றினேன். சாப்பிட்டான். வழக்கமாக மூன்று முறை குழம்பு கேட்பவன், அன்று இரண்டாவது கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் நானே எழுதிக் கொடுத்தேன். லீவில் இருந்தவன், சாவியைக் கொடுக்காதவன், எர்த் ராடை வீட்டில் வைத்துவிட்டு அகப்பை கட்டிப் போனவன். வாசித்த ஆபீசர் அகப்பை என்ற இடத்தில் சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார். அதற்கான தண்டனை வந்தது, அனுபவித்தேன். ஜெபத்தில் கேட்ட பதவி உயர்வு வரவில்லை. நண்பன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்கு என்னிடம் சொல்லாமல் வேறொருவனை நிறுத்திவிட்டுப் போனான். அது தண்டனையைவிட வலித்தது.

பதினோராம் நாள் மறுபடி காற்று, மறுபடி அதே லைன். அவனும் நானும்தான் போக வேண்டியிருந்தது. நான் இழுத்துப் பூட்டிவிட்டு, கேட்பதற்கு முன்பே சாவியை நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினான். எர்த் ராடை அவனே என் பைக்கிலிருந்து அவிழ்த்துக்கொண்டான். ஒன்றரை மணி நேரம் கழித்து, நெரிசலில் நனைந்துகொண்டே திரும்பி வந்து என் முன்னால் நின்றான். வேலை முடிந்தது என்றான். சாவியைத் தரவில்லை.

"சொல்லு" என்றான்.

"என்னத்த?"

"முழுசாச் சொல்லு. மொத நாள் சொன்னியே, அது. ஆமென் மட்டும் போட்டுட்டுத் தூக்குத சோலியெல்லாம் இனி வேண்டாம்."

ரோட்டில் வெளியூர்க் கார்கள் போய்க்கொண்டிருந்தன. நான் கண்ணை மூடாமல், அவனைப் பார்த்துக்கொண்டே சத்தமாக ஆரம்பித்தேன். மூன்றாவது வரியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம், சுருக்கிச் சுருக்கி நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. நான் சத்தமாகச் சொன்ன காலத்தில் அதைத் தினமும் கேட்டவன் அவன்.

"அடுத்தது சாப்பாடுலா வரும்" என்றான்.

ஆமாம், சாப்பாடு. அன்றன்றைக்கு உள்ளதைக் கேட்பது. சொன்னேன். சாப்பாட்டுக்கு அடுத்தது மன்னிப்பு. அந்த வரி எனக்கு மறக்கவில்லை. அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அவன் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றினான்.